மொட்பேர்ள்: ஒரு பிள்ளையின் புள்ளி இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் வருகிறது

கேள்வி
பெப்ரவரி 6, மாலை 5.10

கொக்குவிலில் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கு மாணவர் பதிவு, கட்டணம், தவணைப் பரீட்சைப் புள்ளி எல்லாம் பார்க்கிற பேர்ள் புறோகிராம் ஒன்று ஓடுகிறது. முன்பு யாரோ எழுதிக் கொடுத்த சிஜிஐ ஸ்கிரிப்டுகள், ஒவ்வொரு பக்கத்துக்கும் புறோகிராம் புதிதாகத் தொடங்கி முடிகிற வகை. பக்கம் திறக்க நேரம் எடுக்கிறது என்று போன மாதம், அப்பாச்சி வெப்சேவருக்குள்ளேயே பேர்ளை ஓட்டும் மொட்பேர்ளில், பழைய சிஜிஐ ஸ்கிரிப்டுகளை ஓட்டும் அதன் ரெஜிஸ்ட்ரி பகுதியில் போட்டேன். வேகம் நன்றாகக் கூடியது. ஆனால் இப்போது ஒரு தாய் தன் பிள்ளையின் சுட்டெண்ணைக் கொடுத்தால் வேறு பிள்ளையின் புள்ளி வருகிறது. ரிஃப்ரெஷ் பண்ணினால் சில வேளை சரி, சில வேளை மூன்றாவது ஒரு பிள்ளையுடையது. அப்பாச்சியை ரீஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். எரர் லொக்கில் ஒன்றும் இல்லை. பேர்ள் பழசாகிவிட்டது, பிஎச்பியில் திருப்பி எழுது என்கிறார்கள். பிழை மொட்பேர்ளிலா, தரவுத்தளத்திலா? தெரிந்த அண்ணாமார் சொல்லுங்கோ.

பெப்ரவரி 6, இரவு 8.45

தம்பி, அந்தப் புள்ளிப் பக்கத்தை மட்டும் இன்றிரவே பழையபடி சிஜிஐக்குத் திருப்பிவிடுங்கள். மெதுவாக ஓடட்டும். ஒரு வீட்டுப் பிள்ளையின் புள்ளி இன்னொரு வீட்டுக்குப் போகிறது. அதை நிறுத்திவிட்டுத்தான் காரணம் தேட வேண்டும்.

காரணம் அநேகமாக இது. ரெஜிஸ்ட்ரி உங்கள் ஸ்கிரிப்டை எழுதியபடியே ஓட்டுவதில்லை. கோப்பு முழுவதையும் ஒரு சப்ருட்டீனுக்குள் (தேவைப்படும்போது கூப்பிடும் கோடுத் துண்டு, சுருக்கமாகச் சப்) வைத்து, ஒருமுறை கொம்பைல் பண்ணி, நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. உங்களுக்குக் கிடைத்த வேகம் அதிலிருந்துதான் வந்தது. ஆனால் நீங்கள் கோப்பின் தலைப்பில் ‘மை’ (my, அந்த இடத்துக்கு மட்டுமான மாறி என்று சொல்லும் பேர்ள் சொல்) போட்டு அறிவித்த மாறி இப்போது அந்த வெளிச் சப்புக்குச் சொந்தம். கீழே எழுதிய சப்ருட்டீன்கள் எல்லாம் சப்புக்குள் சப் ஆகிவிட்டன. பேர்ளில் உள்ளே இருக்கிற, பெயர் வைத்த சப், வெளிச் சப்பின் ‘மை’ மாறியை முதல் தடவை மட்டும்தான் பிடிக்கும். அடுத்த ரிக்குவெஸ்டுக்கு வெளியே புதிய மாறி வரும், உள்ளே இருக்கிற சப் பழைய மாறியையே பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் வந்த பிள்ளையின் சுட்டெண் அங்கே உறைந்துபோய் நிற்கும்.

மொட்பேர்ளிலும் தரவுத்தளத்திலும் பிழை இல்லை. லொக்கில் ‘வில் நொட் ஸ்டே ஷெயார்ட்’ (will not stay shared) என்ற சொற்கள் உள்ள ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கிரிப்டில் ‘யூஸ் வோர்னிங்ஸ்’ இல்லாவிட்டால் அந்த வரி வராது.

பெப்ரவரி 6, இரவு 9.20

லொக் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். எந்த லொக்கைப் பார்த்தீர்கள்? பேர்ள் ‘வோர்ன்’ பண்ணுவது சேவரின் பொது எரர் லொக்குக்குப் போகும். உங்கள் தளத்துக்கென்று வேர்ச்சுவல் ஹோஸ்டில் (அப்பாச்சியில் தளத்துக்குத் தளம் எழுதும் அமைப்பு) தனி லொக் வைத்திருந்தால் அதில் ஒன்றும் விழாது. டெபியனில் வார் லொக் அப்பாச்சி2 அடைவுக்குள் இரண்டு கோப்பும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. இந்த எச்சரிக்கை கொம்பைல் பண்ணும்போது மட்டும்தான் வரும். அதாவது ஒரு சைல்ட் புறொசெஸ் (அப்பாச்சி வேலையைப் பிரித்துச் செய்ய உருவாக்கும் கிளைப் புறொசெஸ்) அந்த ஸ்கிரிப்டை முதல்முறை தொடும்போது. பெற்றோர் முறைப்பாடு சொல்கிற நேரத்தில் லொக்கின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் அமைதியாகத்தான் இருக்கும். ரீஸ்டார்ட் நடந்த நேரத்துக்கு மேலே ஏறிப் பாருங்கள்.

பெப்ரவரி 7, காலை 7.30

ஓம், அதுதான். பொது லொக்கில் கண்டதாக நீங்கள் இட்ட ‘வில் நொட் ஸ்டே ஷெயார்ட்’ வரியில் மாறியின் பெயரே இருக்கிறது: சுட்டெண்.

உங்கள் ஸ்கிரிப்டின் அந்தத் துண்டைப் பார்த்தேன். மேலே ‘மை $சுட்டெண்’ என்று படிவத்திலிருந்து எடுக்கிறீர்கள். பன்னிரண்டு வரி கீழே ‘புள்ளி_எடு’ என்கிற சப். அதற்கு ஒன்றும் கொடுக்காமல் வெறும் அடைப்புக்குறியோடு கூப்பிடுகிறீர்கள். சப் உள்ளே நேரே $சுட்டெண்ணைத் தொட்டு எஸ்கியூஎல் வினவலில் போடுகிறது. பக்கத்தின் தலைப்பில் வரும் பெயர் வெளியே அச்சாகிறது, புள்ளி அட்டவணை உள்ளே அச்சாகிறது. அதனால்தான் தலைப்பில் சரியான பிள்ளையின் பெயரும் கீழே வேறு பிள்ளையின் புள்ளியும் வந்திருக்கும். முறைப்பாடு சொன்ன ஒருவரின் ஸ்கிரீன்ஷொட்டை எடுத்துப் பாருங்கள், அப்படித்தான் இருக்க வேண்டும்.

ரிஃப்ரெஷ் பண்ணும்போது ஆள் மாறுவது, ஒவ்வொரு சைல்டும் தனித்தனியாகக் கொம்பைல் பண்ணியதால். ஒரு சைல்டுக்கு முதலில் வந்தவர் ஒருவர், அடுத்த சைல்டுக்கு வேறொருவர். உங்கள் ரிக்குவெஸ்ட் எந்தச் சைல்டில் போய் விழுகிறதோ அதன் முதல் ஆளைக் காட்டும்.

திருத்தம் சின்னது. சுட்டெண்ணைச் சப்புக்கு ஆர்கியூமென்டாகக் கொடுங்கள், உள்ளே ஒரு ‘மை’ போட்டு வாங்குங்கள். ‘மை’யை ‘அவர்’ (our, பொது மாறி) ஆக்கினாலும் இந்தப் பிழை போகும், பலர் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. ‘அவர்’ மாறி ரிக்குவெஸ்ட் முடிந்தும் சாகாது. படிவத்தில் சுட்டெண் வராத ஒரு நாளில், நிபந்தனைக்குள் மதிப்புக் கொடுக்கிற ஒரு வரி தவறினால், முந்தைய ஆளின் சுட்டெண் அப்படியே நிற்கும். அதே வியாதி மெல்லிய வடிவத்தில் திரும்பி வரும், அப்போது எச்சரிக்கை வரியும் வராது. நேரம் இருந்தால் சப்புகளை எல்லாம் ஒரு மொடியூலுக்குள் (தனிக் கோப்பாக ஏற்றும் பேர்ள் தொகுதி) தூக்கி வைத்துவிடுங்கள், ஸ்கிரிப்டில் கூப்பிடும் வரிகள் மட்டும் இருக்கட்டும். மொடியூலை யாரும் இன்னொரு சப்புக்குள் சுற்றுவதில்லை.

பெப்ரவரி 7, மதியம் 1.05

“வீட்டில் சோதித்தபோது ஏன் வரவில்லை?” ஒரே பிள்ளையின் எண்ணை வைத்தே எல்லாரும் சோதிப்பதால். பிழையை வரவழைக்க அப்பாச்சியை ஒற்றைப் புறொசெஸாக, -எக்ஸ் போட்டு ஓட்டுங்கள். ஒரு பிரவுசரில் ஒரு சுட்டெண், இன்னொரு பிரவுசரில் வேறு சுட்டெண். இரண்டாவது பக்கத்திலேயே பிடிபடும். திருத்தம் செய்த ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் இப்படி இரண்டு ஆளாக நின்று பார்த்த பிறகுதான் திரும்ப மொட்பேர்ளுக்கு விட வேண்டும்.

பெப்ரவரி 9, இரவு 10.15

நேற்று முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு மாறியைச் சரி பண்ணிவிட்டு ஆறி இருந்துவிடாதீர்கள்.

சிஜிஐயில் எழுதிப் பழகிய கை ஒன்றை நம்பியே எழுதும்: பக்கம் முடிந்ததும் புறொசெஸ் செத்துவிடும், அதோடு எல்லாம் சுத்தமாகும். திறந்த கோப்பு மூடப்படும், பூட்டு விடுபடும், மாறிகள் அழியும். சிஜிஐ வாழையிலை, சாப்பிட்டதும் எறியலாம். மொட்பேர்ள் எவர்சில்வர் தட்டு. அடுத்தவர் இருக்க முன்னம் நாம்தான் கழுவ வேண்டும். உங்கள் ஸ்கிரிப்டை எழுதியவர் கெட்டிக்காரர், அவருடைய எஸ்கியூஎல் வரிகளில் அது தெரிகிறது. ஆனால் அவர் எழுதிய காலத்தில் கழுவ வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆகவே இனி எந்தக் குழப்பம் வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி: எந்தப் புறொசெஸ், இதற்கு முன்னர் அது என்ன செய்தது? அதற்கு விடை கிடைக்க வேண்டுமானால் லொக்கில் எழுதும் ஒவ்வொரு வரியிலும் $$ போடுங்கள். பேர்ளில் அது புறொசெஸ் இலக்கம். அணுகல் லொக்கிலும் சதவீதக் குறியோடு பெரிய ‘பி’ சேர்த்தால் அதே இலக்கம் விழும். பிறகு ஒரு முறைப்பாடு வந்தால் நேரத்தை வைத்து இலக்கத்தை எடுத்து, அந்த இலக்கத்தின் முந்தைய ரிக்குவெஸ்டுகளை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். இந்தப் பழக்கம் இல்லாமல் மொட்பேர்ளில் பிழை தேடுவது இருட்டுக்குள் கை விடுவதுதான்.

பெப்ரவரி 10, காலை 6.50

மேலே எழுதியது அப்பாச்சியின் ப்ரீபோர்க் முறைக்கு, அதாவது ஒரு புறொசெஸ் ஒரு நேரத்தில் ஒரு ரிக்குவெஸ்டை மட்டும் பார்க்கும் முறைக்கு, மட்டும் அப்படியே பொருந்தும். டெபியனில் அப்பாச்சியைப் புதிதாக நிறுவினால் ஈவென்ட் முறைதான் இயல்பாக வரும். அதில் ஒரு புறொசெஸுக்குள் பல திரெட்டுகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்), ஒவ்வொரு வேலைக்கும் பேர்ளை ஓட்டும் ஒரு இன்டர்பிரெட்டர். மாறி உறைந்து நிற்பது இன்டர்பிரெட்டருக்குள். அப்போது புறொசெஸ் இலக்கம் மட்டும் போதாது, -எக்ஸ் போட்டாலும் ஒரே இன்டர்பிரெட்டர் என்று உறுதி இல்லை. பழைய சிஜிஐ கூட்டத்தை ஓட்டுபவர்கள் ப்ரீபோர்க்குக்கு மாறுவதே நல்லது. ஈவென்டில் ஒரு ஸ்கிரிப்ட் தன் நடப்பு அடைவை மாற்றினால், அது புறொசெஸ் முழுவதற்கும் மாறும்.

பெப்ரவரி 11, இரவு 9.00

கழுவாமல் விடப்படும் மற்றவை. நான் கண்ணால் கண்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சுண்ணாகத்துப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையின் இருப்புப் புறோகிராம். காலையில் காசாளர் முதலில் ‘சீனி’ என்று தேடினால் அன்று முழுவதும் என்ன தேடினாலும் சீனிதான். மற்றக் கணினியில் தேடினால் பருப்புத்தான். அங்கே இருந்தவர்கள் பிரவுசர் கேஷை அழித்து அழித்துக் களைத்திருந்தார்கள். காரணம், தேடும் வடிவத்தை எழுதும் ரெகுலர் எக்ஸ்பிரஷனின் கடைசியில் போட்டிருந்த ஒற்றை ‘ஓ’ எழுத்து. “இந்த வடிவத்தை ஒருமுறை மட்டும் கொம்பைல் பண்ணு” என்பது அதன் பொருள். சிஜிஐயில் ஒருமுறை என்றால் ஒரு பக்கம். மொட்பேர்ளில் ஒருமுறை என்றால் அந்தச் சைல்ட் சாகும்வரை. ஓவை எடுத்தால் முடிந்தது. இன்றைய பேர்ளில் அதனால் கிடைக்கும் வேகமும் சொல்லும்படி இல்லை.

அடுத்தது $/, வரி எங்கே முடிகிறது என்று பேர்ளுக்குச் சொல்லும் மாறி. கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்க அதை வெறுமையாக்குவார்கள். திருப்பி வைக்காவிட்டால், ‘மொட்பேர்ள்’ ஹாண்ட்லரில் (modperl) ஓடும் சைல்டில் பிறகு வரும் எல்லா ஸ்கிரிப்டும் வரி வரியாக வாசிப்பதை மறந்துவிடும்; ‘பேர்ள்-ஸ்கிரிப்ட்’ ஹாண்ட்லர் (perl-script) மட்டும் அதைத் தானே பழையபடி வைக்கும். பிழை செய்த ஸ்கிரிப்ட் ஒன்று, அழுகிற ஸ்கிரிப்ட் வேறொன்று. ‘லோக்கல்’ (local, அடைப்பு முடிந்ததும் பழைய மதிப்பைத் திருப்பும் சொல்) போட்டு ஒரு சுருள் அடைப்புக்குள் வையுங்கள். $| , $, எல்லாவற்றுக்கும் இதே விதி.

பூட்டு. பெரிய எழுத்தில் ‘லொக்’ (LOCK) என்று பெயர் வைத்த கோப்புப் பிடியைத் திறந்து, ஃப்ளொக் (கோப்பைப் பூட்டும் கட்டளை) போட்டு, நடுவில் ஏதோ ஒன்று ‘டை’ ஆகிவிட்டால் புறொசெஸ் சாகாது, பிடியும் மூடாது, பூட்டும் விடாது. மற்றச் சைல்டுகள் எல்லாம் வாசலில் வரிசையில் நிற்கும். பிரவுசரில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். புறொசெஸ் என்ன செய்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸைத் தொங்குகிற ஒரு புறொசெஸ் இலக்கத்தில் கொழுவினால் ஃப்ளொக் என்ற ஒற்றை வரியில் நிற்பது தெரியும். எல்எஸ்ஓஎஃப் அந்தக் கோப்பை வைத்திருப்பவர்களைக் காட்டும். பிடியை ‘மை’ மாறியாக வைத்தால், சப்பை விட்டு வெளியேறும்போது தானாக மூடும்.

எழுமாற்று எண். சேவர் தொடங்கும் கோப்பில் யாராவது ஒருமுறை ‘ராண்ட்’ கூப்பிட்டிருந்தால், எண் வரிசையைத் தொடக்கும் விதை அப்போதே விழுந்துவிடும், பிறக்கும் சைல்டுகள் எல்லாம் அதே விதையோடு பிறக்கும். இரண்டு பேருக்கு ஒரே செஷன் இலக்கம் போக அதுவே போதும். உங்கள் முறைப்பாட்டில் முதலில் எனக்குத் தட்டியது இதுதான், ஆனால் ரிஃப்ரெஷில் ஆள் மாறுகிறது என்று நீங்கள் எழுதியதால் விட்டுவிட்டேன். உங்கள் உள்நுழைவு ஸ்கிரிப்டை இதற்காக ஒருமுறை பார்த்துவிடுங்கள். செஷனுக்கு ராண்டைப் பாவிக்கவே கூடாது என்பது வேறு கதை. இயங்குதளம் தரும் எழுமாற்றை எடுங்கள்.

பெப்ரவரி 12, காலை 8.10

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். $என்வ்-இல் நேர வலயத்தைச் சொல்லும் ‘டிஇசட்’டை ஒரு ஸ்கிரிப்ட் மாற்றினால், ‘மொட்பேர்ள்’ ஹாண்ட்லரில் அதுவும் ஒட்டிக்கொள்ளும். நம் நாட்டில் இது பழைய கோப்புகளில் அடிக்கடி வரும், ஏனென்றால் 1996இல் நேரம் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரல் 15இல்தான் திரும்ப ஐந்தரை மணித்தியாலத்துக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் எழுதிய ஸ்கிரிப்டுகளில் ஆறு மணித்தியாலம் என்று கையால் கூட்டிய வரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை எடுத்துவிட்டு ‘ஏசியா/கொழும்பு’ என்பதை இயங்குதளத்தில் வைத்தால் பழைய திகதிகளுக்கும் சரியான கணக்கு வரும்.

பெப்ரவரி 12, மாலை 6.30

“மொடியூலைத் திருத்தினேன், பழையபடியே ஓடுகிறது.” ஓடும். மொடியூல் ஒருமுறை ஏறினால் %இன்க் என்ற பட்டியலில் பெயர் பதிந்துவிடும், திரும்ப வாசிக்காது. ஸ்கிரிப்டைத் திருத்தினால் மட்டும் ரெஜிஸ்ட்ரி கோப்பின் நேரத்தைப் பார்த்து மறுபடி கொம்பைல் பண்ணும். நீங்கள் கோடு எழுதிச் சோதிக்கும் கணினியில், திருத்திய மொடியூலைத் திரும்ப ஏற்றும் அப்பாச்சி2::ரீலோட் போடலாம். மக்கள் பாவிக்கும் சேவரில் வேண்டாம், ரீஸ்டார்ட்தான்.

பெப்ரவரி 14, காலை 9.40

காலையில் முதல் ஆளுக்கு மட்டும் “சேவர் ஹாஸ் கோன் அவே” (தரவுத்தள சேவர் போய்விட்டது) என்ற எரர் வருகிறது என்றீர்கள், அது தனிக் கதை. உங்கள் தரவுத்தளமான மரியாடிபியில் சும்மா இருக்கும் கனெக்ஷனைத் துண்டிக்கும் நேரம், நாம் மாற்றாவிட்டால், 28800 செக்கன். எட்டு மணித்தியாலம். கல்வி நிலையம் இரவு எட்டரைக்கு மூடினால் விடிய நாலரைக்குக் கனெக்ஷன் போய்விடும். உங்கள் சைல்ட் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நித்திரை.

பேர்ளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் டிபிடி::மைஎஸ்கியூஎல், தான் மொட்பேர்ளுக்குள் இருப்பதைக் கண்டால் தானாக மறுபடி இணைக்க முயலும். அப்படியானால் உங்களுக்கு ஏன் இந்த எரர்? கட்டணப் பகுதியில் ஓட்டோகொமிட்டை (ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே நிரந்தரமாக்குவது) நிறுத்தியிருக்கிறீர்கள். அது நிறுத்தப்பட்டிருந்தால் தானாக இணைக்காது, இணைக்கவும் கூடாது. பாதி எழுதிய கட்டணம் தொலைந்துபோகும். கட்டணப் பக்கத்தில் மட்டும் எரர், புள்ளிப் பக்கத்தில் இல்லை என்று நீங்கள் எழுதியது இதோடு பொருந்துகிறது.

கனெக்ஷனைப் பேணித் தரும் அப்பாச்சி::டிபிஐயைப் போடுங்கள், ஆனால் தொடக்கக் கோப்பில் பேர்ளின் பொதுத் தரவுத்தள மொடியூலான டிபிஐக்கு முன்னர் அது ஏற வேண்டும். பிந்தினால் எரர் ஒன்றும் வராது, பயனும் இராது. பேந்து, கனெக்ஷனைப் பிடித்திருக்கும் $டிபிஎச்சை ஒரு பொது மாறியில் வைத்து ஆயுள் முழுக்கப் பாவிக்கக் கூடாது. ஒவ்வொரு ரிக்குவெஸ்டிலும் கனெக்ட் என்று கூப்பிடுங்கள். அது உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துப் பழையதையே தரும், செத்திருந்தால் புதியதைத் தரும். தொடக்கக் கோப்பிலேயே கனெக்ஷன் திறந்து வைப்பதும் கெடுதல். சைல்டுகள் எல்லாம் ஒரே சொக்கெட்டில் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கும், ஒருவரின் விடை இன்னொருவருக்குப் போகும்.

பெப்ரவரி 14, காலை 10.05

கரண்ட் போய் வந்த பிறகு அப்பாச்சி எழும்பாவிட்டால் முதலில் பழைய பிட் கோப்பு (புறொசெஸ் இலக்கம் எழுதிய கோப்பு) கிடக்கிறதா என்று பாருங்கள். அட்டவணை ‘கிராஷ்ட்’ என்று வந்தால் அது அநேகமாக இன்னும் மைஐசாம் என்ற பழைய சேமிப்பு வகையில் இருக்கிறது. 2022இல் நீண்ட மின்வெட்டுகள் நடந்த மாதங்களில் இந்த வகை அட்டவணைகளைத் திருத்துவதே என் மாலை வேலையாக இருந்தது. விழுந்தாலும் தானாக மீளும் இன்னோடிபி வகைக்கு மாற்றியவர்கள் கூப்பிடவே இல்லை.

பெப்ரவரி 18, இரவு 8.20

தமிழ் எழுத்துச் சிதைவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாணவர் பெயர் பகலில் சரி, காலையில் சில பக்கங்களில் மட்டும் மேலே கோடும் குத்தும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வருகிறது என்கிறீர்கள். 14ஆம் திகதிக் குறிப்பையும் இதையும் சேர்த்து வாசியுங்கள். உங்கள் புள்ளிப் பக்கம் கனெக்ஷன் திறந்ததும் ஒருமுறை, எந்த எழுத்துத் தொகுதி என்று சொல்லும் ‘செட் நேம்ஸ்’ கட்டளையை அனுப்புகிறது. இரவில் துண்டிக்கப்பட்டுத் தானாக மறுபடி இணையும்போது அந்தக் கட்டளை போகாது. சேவரின் இயல்பான எழுத்துத் தொகுதியோடு கனெக்ஷன் கிடைக்கும், தமிழ் குலையும். ‘செட் நேம்ஸ்’ வரியை எடுத்துவிட்டு, கனெக்ட் பண்ணும் இடத்திலேயே யூடிஎஃப்8எம்பி4 பண்பைக் கொடுங்கள்.

இதில் பலர் அவசரப்பட்டு ஒரு என்கோட் (எழுத்தைப் பைட்டாக்கும்) வரியைச் சேர்ப்பார்கள். அன்று சரியாகிவிட்டது போலத் தெரியும். அடுத்த நாள் தரவுத்தளத்துக்குள்ளேயே இரட்டைக் குறியாக்கம் ஏறியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். ‘கமலா’ என்பதில் க, ம, ல, கால் என்று நான்கு குறி, ஆகவே பன்னிரண்டு பைட். எஸ்கியூஎல்லில் லெங்த் கேட்டால் 12 வர வேண்டும். 24 வந்தால் இரட்டையாகிவிட்டது. மூன்று பைட்டும் மேல் எல்லையில் இருப்பதால் ஒவ்வொன்றும் இரண்டாகும். லத்தீன் 1 ஆக எடுத்தால் கணக்குச் சரியாக இரு மடங்கு. மரியாடிபி லத்தீன் 1 என்று சொல்வது உண்மையில் விண்டோஸ் 1252, அதில் சில பைட்டுகளுக்கு மூன்றும் பிடிக்கும், ஆகவே 24ஐத் தாண்டியும் வரலாம். 12ஐ விடக் கூடினால் கை வைக்காமல் முதலில் பிரதி எடுங்கள்.

பேர்ள் பக்கத்தில் விதி எளிது. உள்ளே வரும்போது டிகோட், வெளியே போகும்போது என்கோட், நடுவில் ஒன்றும் இல்லை. “வைட் கரெக்டர் இன் பிரிண்ட்” என்று லொக்கில் வந்தால் வெளியே போகும் கதவில் என்கோட் விடுபட்டிருக்கிறது. பெயரை வெட்டிக் காட்டும் இடத்தில் கேள்விக்குறி போட்ட வைரம் வந்தால், டிகோட் பண்ணாத பைட்டுகளில் சப்ஸ்ட்ரிங் போட்டு எழுத்தின் நடுவில் வெட்டியிருக்கிறீர்கள்.

பெப்ரவரி 18, இரவு 8.55

தேடலில் ‘கோ’, ‘யோ’ வரும் பெயர்கள் மட்டும் அகப்படவில்லை என்றீர்களே, அதைத் தனியாக எழுதுகிறேன். ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்த பட்டியலை மாற்றிப் போட்டவர்களின் மாற்றி எந்த வகையைத் தந்ததோ, இன்று கைபேசியில் தட்டும் தாய் எந்த வகையைத் தட்டுகிறாரோ, இரண்டும் பொருந்தாவிட்டால் கோகுலனும் யோகராசாவும் கிடைக்கமாட்டார்கள். யூனிகோட்::நோர்மலைஸ் மொடியூலில், இரண்டு வகையையும் ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி என்ற சப் இருக்கிறது. தேடும் சொல்லையும் சேமிக்கும் பெயரையும் அதற்குள்ளால் விட்டு எடுங்கள். ஏற்கெனவே சேமித்ததையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

அகர வரிசைக்கு யூனிகோட்::கொலேட்::லொக்கேல் (Locale) மொடியூல் போதும். பேர்ளின் வெறும் சோர்ட் ‘ஜ’வைச் ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் இடையில் கொண்டுபோய் வைக்கும்.

பெப்ரவரி 23, மாலை 4.40

பெறுபேறு வெளியிடும் மாலையில் சேவர் படுத்துவிடுகிறது என்கிறீர்கள். இதில் பிழை கோடில் இல்லை, கணக்கில். நான்கு ஜிபி நினைவகம். மரியாடிபிக்கும் இயங்குதளத்துக்கும் ஒரு ஜிபி விடுங்கள். மிச்சம் மூன்று. உங்கள் சைல்ட் ஒன்று எண்பது எம்பி என்று டொப் காட்டுகிறது. முப்பத்தேழு, முப்பத்தெட்டுச் சைல்டுக்கு மேல் இடம் இல்லை. நீங்கள் வைத்திருக்கும் எல்லை 150. மக்கள் குவிந்ததும் ஸ்வாப்புக்குள் (வட்டில் ஒதுக்கிய மாற்று நினைவகம்) போய், பிறகு ஒன்றும் அசையாது. அந்த எல்லையை வைக்கும் மாக்ஸ் ரிக்குவெஸ்ட் வேர்க்கர்ஸை 35க்குக் குறையுங்கள். வரிசையில் நிற்பவர் சில செக்கன் பொறுப்பார், சேவர் விழுந்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை.

எண்பது எம்பியும் முழுக்கத் தனி நினைவகம் அல்ல. மொடியூல்களைத் தொடக்கக் கோப்பிலேயே ஏற்றினால் தாய்ப் புறொசெஸின் பக்கங்களைச் சைல்டுகள் பகிர்ந்துகொள்ளும். லினக்ஸின் எஸ்மாப்ஸ் கோப்பில், பகிர்ந்ததைப் பங்கிட்டுக் காட்டும் பிஎஸ்எஸ் என்ற எண் உண்மைக்கு அண்மையில் இருக்கும். முன்ஏற்றம் செய்த பிறகு அதைப் பார்த்து 35ஐ உயர்த்துங்கள். அதற்கு முன்னர் வேண்டாம்.

சேவர் ஸ்டேட்டஸ் பக்கத்தில் பாதிக்கு மேல் ‘கே’ என்று நின்றால் கைபேசிகள் கீப் அலைவில் (பக்கம் வந்த பிறகும் இணைப்பை விடாமல்) கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பெரிய பேர்ள் புறொசெஸை அதற்கு ஒதுக்குவது வீண். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இலகுவான வெப்சேவர் ஒன்றை நிறுத்தி, படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் அதுவே கொடுக்கட்டும், பின்னால் கீப் அலைவை நிறுத்துங்கள்.

பெப்ரவரி 25, இரவு 9.30

இன்னும் பிஎச்பியில் திருப்பி எழுதச் சொல்கிறார்களா? நேர்மையாகச் சொன்னால், பிஎச்பியை வழக்கமாக ஓட்டும் முறையில் ஒவ்வொரு ரிக்குவெஸ்ட் முடிவிலும் மாறிகள் துடைக்கப்படும், உங்கள் முதல் பிழை அங்கே வந்திராது. ஆனால் உங்கள் கட்டண ஸ்கிரிப்டில் சகோதரர் கழிவு, பாதி மாதத்தில் சேர்ந்தவர், புலமைப்பரிசில் பிள்ளை என்று இத்தனை வருட விதிகள் இருக்கின்றன. அவை வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அதை வேறு மொழிக்கு மாற்றுபவர் முதலில் அந்த விதிகளைத் தொலைப்பார். சப்புக்கு ஆர்கியூமென்ட் கொடுக்கிற வேலைக்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். நம் ஊர் நூலகர்கள் அறிந்த கோஹா நூலகப் புறோகிராமும் பேர்ள்தான், இன்றும் ஓடுகிறது.

மார்ச் 2, காலை 7.15

டெபியனைப் புதுப்பித்ததும் எல்லாப் பக்கமும் 500 எரர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக.

“கான்ட் லொக்கேட் கொன்ஃபிக்” என்பது, 5.26இலிருந்து பேர்ள் நடப்பு அடைவைத் தேடும் பட்டியலில் வைப்பதில்லை என்பதால். முழுப் பாதை கொடுங்கள். ஸ்கிரிப்ட் இருக்கும் பாதையைச் சொல்லும் ஃபைண்ட்பின் மொடியூலைப் போட்டுத் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம், சைல்டில் முதலில் ஓடிய ஸ்கிரிப்டின் பாதையையே அது எல்லாருக்கும் சொல்லும். சிஜிஐ மொடியூல் இல்லை என்றால், 5.22இலிருந்து அது பேர்ளோடு வருவதில்லை, தனியாக நிறுவ வேண்டும். ‘ரிமோட் ஐபி’ என்ற மெதட் இல்லை என்றால், அப்பாச்சி 2.4இல் அது ‘கிளையன்ட் ஐபி’ ஆகிவிட்டது; முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்தால் ‘யூசர் ஏஜென்ட் ஐபி’யைப் பாருங்கள். பாடங்களின் வரிசை பக்கத்துக்குப் பக்கம் மாறுவது 5.18இலிருந்து ஹாஷின் (பெயரும் மதிப்புமாக வைக்கும் தொகுப்பு) வரிசை புறொசெஸுக்குப் புறொசெஸ் வேறுபடுவதால். அதன் பெயர்களைத் தரும் கீஸுக்கு முன்னால் சோர்ட் போடுங்கள்.

மார்ச் 2, இரவு 10.00

செக்மென்டேஷன் ஃபோல்ட் என்று பொது லொக்கில் வந்தால் ஸ்கிரிப்டில் தேட வேண்டாம். சி மொழியில் எழுதிய ஏதோ ஒரு மொடியூல் பழைய பேர்ளுக்குக் கொம்பைல் பண்ணியபடி கிடக்கிறது. கையால் நிறுவிய மொடியூல்களை எல்லாம் புதிய பேர்ளில் மறுபடி நிறுவுங்கள். அதன் பிறகும் வந்தால் கோர் டம்ப் (விழுந்த நேரத்து நினைவகப் பிரதி) அடைவை அப்பாச்சிக்குச் சொல்லி, ஜிடிபி என்ற பிழைதேடியில் பின்தடம் எடுத்து இங்கே இடுங்கள், பார்ப்போம்.

மார்ச் 6, மாலை 5.50

மொட்பேர்ளை விட்டு, பிளாக் என்ற பேர்ள் வெப் அமைப்புக்கும் அதை ஓட்டும் ஸ்டார்மன் சேவருக்கும் போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம், அது நல்ல இடம். ஆனால் பழைய சிஜிஐ கோப்புகளைப் பிளாக்கில் சுற்றி ஓட்டும்போது சிஜிஐ::கொம்பைல் மொடியூல் செய்வதும் ரெஜிஸ்ட்ரி செய்ததேதான்: கோப்பு முழுவதையும் ஒரு சப்புக்குள் வைக்கும். அதே ‘வில் நொட் ஸ்டே ஷெயார்ட்’ வரி அங்கேயும் வரும், அதே பிள்ளையின் புள்ளி அங்கேயும் உறையும். ஃபாஸ்ட் சிஜிஐயிலும் புறொசெஸ் சாவதில்லை. எனவே இன்னும் திருத்தாமல் நிற்கும் கட்டண ஸ்கிரிப்டைத்தான் முதலில் எடுங்கள். அதில் பெரிய எழுத்தில் ‘லொக்’ (LOCK) என்ற பிடி ஒன்று இருப்பதை நீங்கள் அனுப்பிய துண்டில் பார்த்தேன், 11ஆம் திகதி எழுதிய அதே பூட்டு. அதை ‘மை’ ஆக்கி, -எக்ஸில் இரண்டு பிரவுசரால் தட்டிப் பார்த்து, லொக்கின் தலைப்பகுதியை இங்கே போடுங்கள்.